கணக்கேட்டின் திறவுகோல்

ஒரு வணிக நிலையத்தின் உயிர்நாடி அதன் கணக்கேட்டில் இருக்கிறது. எந்தப் பொருள் எவ்வளவு விலைப்பட்டது, எந்த வாடிக்கையாளர் கடன் தீர்க்கவில்லை, எந்தக் கிளை நட்டத்தில் நடக்கிறது என்பவற்றைப் பிறர் அறிந்துகொண்டால், அவ்வணிகத்தின் பலமும் பலவீனமும் அவர் கைக்குள் வந்துவிடும். அதனாலேயே முற்கால வணிகர் பேரேட்டை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டித் திறவுகோலை இடுப்பிற் செருகிக்கொண்டனர். இன்று அப்பேரேடு கணினிக்குள் புகுந்துவிட்டது. எனினும், திறவுகோல் யாரிடம் இருக்கிறது என்னும் வினா மாறவில்லை. ஐரோப்பிய நாடுகளில் இவ்வினா இப்பொழுது மிகக் கூர்மையாக எழுந்துள்ளது.

விற்பனை, கொள்வனவு, கையிருப்பு, சம்பளம் ஆகிய பல ஏடுகளை ஒன்றுசேர்த்து, முகாமையாளர் ஒரே பார்வையில் விளங்கிக்கொள்ளத்தக்க வரைபடங்களாகக் காட்டும் மென்பொருள்கள் உண்டு. அவற்றை வணிக நுண்ணறிவு மென்பொருள்கள் என்பர். ஐ.பி.எம். நிறுவனத்து ஆய்வாளரான ஹான்ஸ் பீட்டர் லூன் 1958ஆம் ஆண்டிலேயே இப்பெயரைத் தலைப்பிற் கொண்ட கட்டுரையொன்றை வெளியிட்டார். இன்று இத்துறையில் முன்னிற்பவை பெரும்பாலும் அமெரிக்க நிறுவனங்களே. பவர் பி.ஐ. மைக்ரோசொப்ட்டின் உடைமை. டாப்லோவை 2019இல் சேல்ஸ்போர்ஸ் வாங்கியது. சுவீடனின் லுண்ட் நகரில் 1993இல் பிறந்த கிளிக் நிறுவனமும் பின்னர் அமெரிக்காவில் குடிபுகுந்தது. ஆகவே, ஐரோப்பிய நிறுவனங்கள் பலவற்றின் கணக்கேடுகள் அமெரிக்க நிறுவனங்களின் பாதுகாப்பில் இருக்கின்றன.

இதனால் நேரக்கூடிய இடர் யாது? 2013ஆம் ஆண்டு அமெரிக்க அதிகாரிகள் ஒரு குற்ற விசாரணைக்காக, அயர்லாந்தின் டப்ளின் நகரில் மைக்ரோசொப்ட் வைத்திருந்த மின்னஞ்சல்களைக் கேட்டனர். நிறுவனம் மறுத்து வழக்காடி, 2016இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றது. ஆனால், உயர் நீதிமன்றம் தீர்ப்புக் கூறுமுன், 2018 மார்ச் மாதத்தில் அமெரிக்கக் காங்கிரஸ் கிளவுட் சட்டத்தை நிறைவேற்றியது. தகவல் எந்த நாட்டில் இருப்பினும், அது அமெரிக்க அதிகாரத்துக்கு உட்பட்ட நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருக்குமாயின், சட்டப்படி கேட்கும்போது கொடுத்தாக வேண்டும் என்பதே அச்சட்டத்தின் சாரம். இயந்திரம் நிற்கும் நிலம் எதுவென்பது அன்று, அதனை ஆளும் கை எதுவென்பதே முக்கியமாயிற்று.

2025ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் திகதி, மைக்ரோசொப்ட்டின் பிரெஞ்சுக் கிளையைச் சேர்ந்த உயர் அதிகாரி ஒருவர் பிரெஞ்சுச் செனட் சபையின் குழுமுன் சத்தியஞ் செய்து சாட்சியமளித்தார். பிரெஞ்சு அரசின் இணக்கமின்றித் தகவல்கள் ஒருபோதும் அமெரிக்க அரசிடம் போகமாட்டா என்று உத்தரவாதமளிக்க இயலுமா என வினவப்பட்டபோது, இயலாது என்றார். அவ்வாறு இதுவரை நிகழவில்லை என்றும் அவர் கூறினார். எனினும், நிகழாமை வேறு, நிகழமாட்டாது என்னும் உறுதி வேறு அன்றோ?

ஆதலின், மென்பொருளை மாற்றிக்கொள்ள நிறுவனங்கள் முற்படுகின்றன. சூப்பர்செட், மெட்டாபேஸ் முதலிய திறந்த மூல மென்பொருள்களைத் தம் சொந்தக் கணினிகளில் நிறுவிக்கொள்வது ஒரு வழி. சூப்பர்செட்டும் 2015இல் அமெரிக்க நிறுவனமான ஏர்பிஎன்பியிற் பிறந்ததே. ஆயினும், அதன் மூலநிரல் யாவருக்கும் திறந்திருப்பதால், நிறுவியவரே அதனை ஆளலாம். பிறந்த இடத்தைவிட ஆளும் உரிமையே இங்கு பெரிது.

மாற்றம் எளிதன்று. எண்களைப் பெயர்த்துக் கொண்டுபோகலாம். எண்களின் பொருளைப் பெயர்ப்பதே கடினம். 'நிகர விற்பனை' என்னும் தொகையில் திரும்பி வந்த பொருள்களின் விலை கழிக்கப்பட்டதா? மாதக் கணக்கு எந்த நாளில் மூடப்படுகிறது? இத்தகைய விதிகள் பழைய மென்பொருளுக்கே உரிய சூத்திர மொழியில் எழுதப்பட்டுள்ளன. பவர் பி.ஐ.யின் சூத்திரங்களைச் சூப்பர்செட் விளங்கிக்கொள்ளாது, அவற்றை எஸ்.கியூ.எல். மொழியில் மீண்டும் எழுதவேண்டும். அன்றியும், யார் எதைப் பார்க்கலாம் என்னும் அனுமதிகளையும் புதிதாக வகுக்கவேண்டும். எனவே, விவேகமுள்ள நிறுவனம் முதலில் எல்லா அறிக்கைகளையும் பட்டியலிட்டு, எவரும் பாராதவற்றைக் களையும். பின்னர் விதிகளைச் சாதாரண மொழியில் எழுதி வைக்கும். அதன்பின் பழையதையும் புதியதையும் சில மாதங்கள் ஒருங்கே இயக்கி, இரண்டின் தொகைகளும் ஒத்துவந்த பின்னரே பழையதை நிறுத்தும்.

தன் கையில் இருப்பதனால் மாத்திரம் பொருள் பத்திரமாகிவிடாது. 2021 மார்ச் 10ஆம் திகதி பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில், ஓ.வி.எச். என்னும் பிரெஞ்சு நிறுவனத்தின் தரவு நிலையக் கட்டடமொன்று தீயினால் அழிந்தது. வேறிடத்தில் பிரதி வைத்திராத வாடிக்கையாளர் சிலர் தம் தகவல்களை மீளாதபடி இழந்தனர். அந்நியச் சட்டம் தீண்டாத ஏட்டைச் சொந்த நாட்டு நெருப்புத் தீண்டியது. திறவுகோலைத் தன்னிடம் வைத்துக்கொள்பவர் காவலையும் தாமே ஏற்கவேண்டும். பிரதியெடுத்தல், பாதுகாப்புத் திருத்தங்களை உடனுக்குடன் சேர்த்தல், பயிற்சி பெற்ற ஊழியரை வைத்திருத்தல் ஆகிய யாவும் செலவு தருவனவே.

இத்தகைய மாற்றத்துக்குச் சட்டமும் ஓரளவு துணை வந்துள்ளது. 2025 செப்டெம்பர் 12ஆம் திகதி நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுச் சட்டத்தின்படி, ஒரு மேகக் கணினிச் சேவையிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதற்கென வாடிக்கையாளரிடம் அறவிடப்படும் கட்டணம் 2027 ஜனவரி 12ஆம் திகதியிலிருந்து இல்லாதொழியும். வாயில் திறக்கிறது, வெளியேறுவதோ இருப்பதோ அவரவர் விருப்பம்.

எல்லா நிறுவனமும் உடனே மாறியாக வேண்டும் என்பதில்லை. ஆனால், தன் கணக்கின் பிரதியொன்றும் அக்கணக்கின் விதிகளை எழுதிய ஏடொன்றும் தன்னிடமே இருத்தல் ஒவ்வொரு வணிகருக்கும் இன்றியமையாதது. அவை இரண்டும் கையிலிருப்பவர், இன்று எந்த மென்பொருளைப் பயன்படுத்தினும், வேண்டும்போது வெளியேற வல்லவர் ஆவர்.