டிஸ்சார்ஜ் சீட்டில் மூணு எழுத்து
(ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

கடன் வாங்கி மாடு வாங்கினதைப் பற்றிப் பலரும் பேசினீங்க. நான் கடன் வாங்கி ஆபரேஷன் பண்ணினவள். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

34 வயசில் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். நார்க்கட்டி, ஓயாத உதிரப்போக்கு. குழுவில் உள்கடன் வாங்கித் தனியார் ஆஸ்பத்திரியில் பண்ணினோம். தொல்லை விட்டது என்று நினைத்தேன். ஒரு மாசத்திலேயே உடம்பு திடீர் திடீரென்று அனலாக எரியும், ராத்திரி வேர்த்து ரவிக்கை நனையும். "ஆபரேஷன் பண்ணினா அப்படித்தான்" என்றார் மாமியார். மூணு வருசம் கழித்து மாட்டுக் கொட்டகையில் வழுக்கிக் கையை ஊன்றினேன், மணிக்கட்டு முறிந்தது. "இந்த வயசில் இதுக்கெல்லாம் எலும்பு முறியக் கூடாதேம்மா" என்று டாக்டரம்மா பழைய டிஸ்சார்ஜ் சீட்டைக் கேட்டார்கள். கடன் ரசீதோடு பெட்டியில் கிடந்ததால் கிடைத்தது.

அதில் டி.ஏ.எச்., பக்கத்தில் பி.எஸ்.ஓ. என்று இருந்தது. பத்தாவது படித்த எனக்கு எழுத்து தெரியும், அர்த்தம் தெரியாது. முதலாவது கர்ப்பப்பையை எடுத்தது. இரண்டாவது, ரெண்டு பக்கச் சினைப்பையையும் குழாயோடு எடுத்தது. அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்ட வீட்டுக்காரருக்கும் தெரியாது.

எலும்பு தினமும் கொஞ்சம் கரையும், கொஞ்சம் புதுசா சேரும். நம்ம குழுக் கணக்கு மாதிரி வரவு செலவுதான். செலவு மீறாமல் பிடித்து வைப்பது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன். அது பெரும்பாலும் சினைப்பையிலிருந்துதான் வருகிறது. 50 வயசு வாக்கில் மெல்ல நிற்க வேண்டியது எனக்கு 34-ல் ஒரே நாளில் நின்றுவிட்டது.

எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்தார்கள். மார்புப் புற்றுநோய் இருந்ததா, கால் நரம்பில் ரத்தம் கட்டியதா என்றெல்லாம் விசாரித்த பிறகுதான் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை கொடுத்தார்கள். அதெல்லாம் இருந்தால் இது ஆகாது, எலும்புக்கு வேற மருந்து இருக்கிறதாம். நான் 50 வயசு வாக்கு வரை போட வேண்டும். கர்ப்பப்பை இருக்கிறவர்களுக்குக் கூடவே இன்னொரு ஹார்மோனும் சேர்க்கணும். அதனால் என் மாத்திரையை மட்டும் யாரும் கைமாத்துக் கேட்காதீங்க.

கால்சியம் மாத்திரையைக் கடையில் வாங்கி நான் முன்னாடியே போட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஹார்மோன் இல்லாத இடத்தில் கால்சியம் மட்டும் ஈடுகட்டாது. ஆனாலும் அது வேண்டும். சாப்பாடும் மாத்திரையுமாகச் சேர்த்து ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் என்றார்கள். நூறு கிராம் கேழ்வரகில் 300-க்கு மேல் இருக்கிறது. மாத்திரையைச் சாப்பாட்டோடு போடணும், ஒரே வேளையில் 500-க்கு மேல் போட்டால் சரியாகச் சேராது. ரத்தசோகை மாத்திரையோடு சேர்த்துப் போடக் கூடாது, அது உடம்பில் ஒட்டாமல் போய்விடும். வைட்டமின் டி பவுடர் 60,000 யூனிட், வாரத்துக்கு ஒரு பாக்கெட். நான் ரெண்டு நாள் தினம் ஒண்ணு குடித்து நல்லா வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஆபரேஷனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்கு அது தேவைதான். "சினைப்பையையும் எடுக்கிறீங்களா, ஏன்?" என்று கையெழுத்துக்கு முன்னாடி கேட்டிருக்கலாம்.

எங்க குழுவில் கர்ப்பப்பை எடுத்தவர்கள் நாலு பேர். சீட்டு இருப்பது ரெண்டு பேரிடம். இன்னொரு சீட்டிலும் பி.எஸ்.ஓ. இருக்கிறது, அவளுக்கு 41 வயசு. வர்ற செவ்வாய்க்கிழமை அவளைக் கூட்டிப் போகிறேன். வேற யாராவது சீட்டு வைத்திருந்தால் எடுத்துக்கொண்டு வாங்க, அதே பஸ்ஸில் போகலாம்.