பெட்டிக்குள் எதை விட்டு மூடுவது?



துறையின் வளர்ச்சியை வானளாவப் புகழ்ந்துவிட்டு அமர்வதுதான் தலைமையுரையின் வழக்கம். அதற்கு இன்று நேரமில்லை, எனக்கு மனமும் இல்லை. லினக்ஸ் கெர்னலைக் கட்டமைக்க உட்காருகிறவர் திரையில் காணும் பட்டியலில், ஏறக்குறைய எல்லாம் முடிந்தபின், அடியில் 'கெர்னல் ஹேக்கிங்' என்றொரு உள்பட்டியல் வரும். பிழை தேட உதவும் தெரிவுகள் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கின்றன. நம்மில் பலர் அதைத் திறப்பது சிக்கல் தலைக்கு மேல் போனபின். மூடுவது பொருள் சந்தைக்குப் போவதற்கு முந்தைய வாரம், அதுவும் இருப்பதையெல்லாம் ஒரேயடியாக அணைத்துவிட்டு. இந்தப் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. ஓர் உட்பொதி செயலியில் எந்தத் தெரிவு ஆய்வுக்கூடத்தோடு நிற்க வேண்டும், எது எந்திரத்தோடு கூடவே போக வேண்டும் என்பதைப் பலகையை வடிவமைக்கும்போதே முடிவுசெய்தாக வேண்டும். நான் சொல்ல வந்தது இதுதான்.

இதற்கு நான் காட்டும் சாட்சி பழையது. அது லினக்ஸும் அல்ல. 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய மார்ஸ் பாத்ஃபைண்டர் கலத்தில் ஓடியது விண்ட் ரிவர் நிறுவனத்தின் விஎக்ஸ்ஒர்க்ஸ். இறங்கி, வானிலைத் தரவுகளைத் திரட்டத் தொடங்கிய சில நாட்களில் கலம் தானாகவே மறுதொடக்கம் ஆக ஆரம்பித்தது. நடந்தது என்னவென்று இன்று பாடநூல்கள் சொல்கின்றன. வானிலைப் பணி முன்னுரிமையில் கீழே இருந்தது. அது ஒரு பூட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. முன்னுரிமையில் மேலே இருந்த தரவுப்பாதைப் பணி அந்தப் பூட்டுக்காகக் காத்து நின்றது. இடையில் நடுத்தர முன்னுரிமைப் பணிகள் புகுந்து செயலியை எடுத்துக்கொண்டன; வானிலைப் பணியால் பூட்டை விடவே முடியவில்லை. அடுத்த சுற்று தொடங்கும்போது முந்தைய சுற்று முடியவில்லை என்று கண்ட கட்டுப்பாட்டுப் பணி, தனக்கு விதித்தபடி, மறுதொடக்கத்துக்கு உத்தரவிட்டது.

மருந்து தெரிந்ததுதான். பூட்டை வைத்திருக்கும் பணி, அதற்காகக் காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாகப் பெறுவது. இந்த நெறியை முழுமையாக ஆராய்ந்து லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹாக்ஸ்கி மூவரும் 1990இல் எழுதிய கட்டுரை இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்று. அவர்களில் ராஜ்குமார் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்றவர் என்பதை இந்த அவையில் சொல்லிக்கொள்வதில் எனக்குச் சின்ன மகிழ்ச்சி. விஎக்ஸ்ஒர்க்ஸில் அந்த வசதி இருந்தது. குறிப்பிட்ட அந்தப் பூட்டுக்கு அது இயக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

மருந்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது நோயைக் கண்டறிந்த விதம். பாத்ஃபைண்டர் மென்பொருள் குழுவுக்குத் தலைமை வகித்த க்ளென் ரீவ்ஸ் பின்னர் எழுதிய விளக்கத்தைப் படித்தால் இரண்டு செய்திகள் கிடைக்கும். பணிகள் மாறுவதையும் பூட்டுகள் கைமாறுவதையும் பதிவுசெய்யும் ஒரு வசதி, பறக்கப்போகும் மென்பொருளிலேயே இருந்தது. யாரோ மறந்து விட்டுவிட்டதால் நல்வாய்ப்பாகக் கிடைத்தது என்ற கதையை அவர் மறுக்கிறார். சோதித்ததையே பறக்கவிடு, பறக்கவிடுவதையே சோதித்துப் பார் என்பது அவர்கள் கொள்கை. அதனால் தெரிந்தே வைத்திருந்தார்கள். பறக்கும் கலத்தில் அதைப் பயன்படுத்தவில்லை. ஏனென்றால் பூமிக்கு அனுப்ப முடிகிற அளவைவிட அதிகமான தரவை அது கொட்டும். பூமியில் இருந்த நகல் கலத்தில் அதை ஓடவிட்டு, அதே மறுதொடக்கத்தை வரவழைத்துக் காரணத்தைப் பிடித்தார்கள். இரண்டாவது செய்தி சற்றுக் கசப்பானது. செவ்வாயில் இறங்குவதற்கு முன்பே இந்த மறுதொடக்கம் தலைகாட்டியிருந்தது. மறுபடி வரவழைக்க முடியாததால் விளக்கம் இல்லாமலே விடப்பட்டது. விஎக்ஸ்ஒர்க்ஸின் கட்டளைச் சாளரம் வழியே கலத்தில் ஒரு மாறியை மாற்றிச் சரிசெய்தார்கள் என்று இன்றும் வகுப்பறைகளில் சொல்கிறோம். அதையும் ரீவ்ஸ் மறுத்திருக்கிறார். மாற்றங்களை முறைப்படி அனுப்பித்தான் திருத்தினார்களாம். நல்ல கதைகளுக்கு இப்படி ஒரு கெட்ட பழக்கம் உண்டு, உண்மையைவிட வேகமாக நடக்கும்.

இனி நம் பலகைகளுக்கு வருவோம். முதல் தொல்லை மௌனம். புதுப் பலகையில் கெர்னலை ஏற்றுகிறோம். யு-பூட் என்ற பூட்லோடர் 'கெர்னலைத் தொடங்குகிறேன்' என்கிறது. அதன் பிறகு திரையில் ஒன்றும் இல்லை. கெர்னல் செத்ததா, உயிரோடிருந்தும் பேச வாயில்லையா என்பது தெரியாது. வழக்கமான சீரியல் டிரைவர் எழுந்திருக்கும் முன்பே எழுத்துகளை வெளியே தள்ளுவதற்கு ஆர்ம் செயலிகளில் 'டீபக் எல்எல்' என்ற தெரிவும் அதோடு சேர்ந்த 'எர்லி பிரிண்ட்கே'யும் உண்டு. இவற்றை இயக்கும்போது சீரியல் சில்லின் முகவரி கெர்னலுக்குள்ளேயே பதிந்துவிடும். பீகிள்போன் பிளாக் பலகைக்காக அப்படிக் கட்டிய கெர்னலை வேறொரு நிறுவனத்தின் ஆர்ம் பலகையில் ஏற்றினால், இல்லாத முகவரியில் எழுதப் போய் ஒரு சொல்லும் சொல்லாமல் நின்றுவிடலாம். பேசவைக்க வந்த தெரிவே வாயடைக்கும் விந்தை இது. கெர்னலின் உதவிக் குறிப்பிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. உதவிக் குறிப்பைப் படிக்கிறவர்கள் குறைவு என்பதால் இங்கே சொல்கிறேன்.

ரிஸ்க்-ஃபைவ் உலகில் இந்த இடம் கொஞ்சம் நாகரிகமாகிவிட்டது. கெர்னலுக்குக் கீழே ஓபன்எஸ்பிஐ போன்ற ஓர் அடிநிலை மென்பொருள் இருக்கிறது. தொடக்கக் கட்டத்தில் எழுத்தை வெளியிடும்படி அதனிடம் கேட்டாலே போதும், சில்லின் முகவரி கெர்னலுக்குத் தெரியவேண்டியதில்லை. சென்னை ஐஐடியின் சக்தி செயலிகள் போன்ற ரிஸ்க்-ஃபைவ் வகைகளில் பணியாற்றப் போகும் மாணவர்கள் ஆர்ம் பலகையில் பழகிய கையோடு அங்கே போனால், இல்லாத தெரிவைத் தேடிப் பொழுதைக் கழிக்க நேரும்.

பேச வாய் கிடைத்ததும் அடுத்த ஆபத்து, பேச்சு அதிகமாவது. சீரியல் கம்பி நொடிக்கு 1,15,200 பிட் வேகத்தில் ஓடுகிறது என்று வையுங்கள். தொடக்க, முடிவு பிட்டுகளையும் சேர்த்து எழுத்துக்குப் பத்து பிட் எனக் கொண்டால், நொடிக்கு 11,520 எழுத்து. எண்பது எழுத்துள்ள ஒரு வரி வெளியேற ஏறக்குறைய 7 மில்லிநொடி ஆகும். ஒரு மோட்டார்க் கட்டுப்பாட்டுச் சுற்று 1 மில்லிநொடிக்கு ஒருமுறை நடக்க வேண்டிய எந்திரத்தில், குறுக்கீடுகளை நிறுத்திவைத்துக்கொண்டு கெர்னல் அச்சிடும் ஒரே ஒரு 'பிரிண்ட்கே' வரி கன்சோலுக்குப் போனால் ஏழு சுற்றுகள் பாழ். நேரம் சார்ந்த பிழையைத் தேடி வரி வரியாக அச்சிட்டால் பிழை ஒளிந்துகொள்கிறது. வரிகளை எடுத்துவிட்டால் திரும்பி வருகிறது. ஆய்வு மாணவர்கள் இதைப் பேய் விவகாரமாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். பேய் ஒன்றுமில்லை, வகுத்தல் கணக்குத்தான்.

இங்கேதான் ஸ்டீவன் ராஸ்டெட் உருவாக்கிய, 2008இல் கெர்னலின் 2.6.27 பதிப்பில் சேர்ந்த, செயற்கூறுகளின் ஓட்டத்தைப் பதிவுசெய்யும் எஃப்ட்ரேஸ் கைகொடுக்கிறது. அது கம்பியில் எழுதாமல் நினைவகத்து வளையத்தில் எழுதுகிறது, படிப்பது பிறகு. அணைத்திருக்கும்போது செயற்கூறுகளின் தலையில் வெறும் 'ஒன்றும் செய்யாதே' கட்டளைதான் இருக்கும். ஆகவே களத்துக்குப் போகும் கெர்னலில் கூட இதை விட்டுவைக்கலாம் என்பது என் கட்சி.

ஆனால் என் கட்சிக்கு எதிரான சாட்சியையும் நானே தந்துவிடுகிறேன். அதே 2.6.27 உருவாகிக்கொண்டிருந்தபோது சில மடிக்கணினிகளில் இன்டெல் நெட்வொர்க் சில்லுகளின் நிலைநினைவகம் அழிந்து, சில்லே செயலிழந்தது. சந்தேகம் முதலில் நெட்வொர்க் டிரைவர் மீது விழுந்தது. மெய்யான குற்றவாளி எஃப்ட்ரேஸின் இயங்குநிலைப் பகுதி. பின்னால் மாற்றியெழுத வேண்டிய இடங்களின் முகவரிகளை அது குறித்துவைத்திருந்தது. தொடக்கத்துக்கு மட்டும் தேவைப்பட்ட நிரல்பகுதி விடுவிக்கப்பட்டு, அதே முகவரியில் நெட்வொர்க் சில்லின் நினைவகம் வந்து அமர்ந்தது. எஃப்ட்ரேஸ் அதைத் தொட்டது. அடுத்து வந்த 2.6.27.1 அந்தத் தெரிவையே முடக்கியது. பிழைதேடியும் நிரல்தான், அதற்குள்ளும் பிழை இருக்கும். வன்பொருள் பதிவகங்கள் எல்லாம் நினைவக முகவரிகளாகவே கிடக்கும் உட்பொதி பலகையில் இதை இரண்டு மடங்கு நினைவில் வையுங்கள். எந்திரத்தோடு போகப்போகும் தெரிவு, எந்திரத்தோடு சேர்ந்தே முழுச் சோதனையையும் தாண்டியிருக்க வேண்டும். ரீவ்ஸ் குழுவின் கொள்கையும் அதைத்தானே சொல்கிறது?

ஆய்வுக்கூடத்தோடு நிற்கவேண்டியவற்றில் இரண்டை மட்டும் குறிப்பிடுகிறேன். இங்கோ மோல்னாரின் முயற்சியில் 2006இல் வந்த லாக்டெப், பூட்டுகள் எந்த வரிசையில் பிடிக்கப்படுகின்றன என்று கவனிக்கிறது. ஓரிடத்தில் முதல் பூட்டுக்குப் பின் இரண்டாவது, வேறோரிடத்தில் இரண்டாவதுக்குப் பின் முதலாவது என்று கண்டால், முட்டுக்கட்டை உண்மையில் நேராதபோதே குரல் கொடுத்துவிடும். இது பெரிய கொடை. விலையும் பெரிது: ஒவ்வொரு பூட்டும் தாமதமாகும். நினைவக மீறல்களைப் பிடிக்கும் கேசான் இன்னும் செலவாளி. நினைவகத்தின் எட்டில் ஒரு பங்கை நிழற்கணக்குக்கே எடுத்துக்கொள்ளும். 512 மெகாபைட் பலகையில் 64 மெகாபைட் அப்படியே போய்விடும். அதனால்தான் 2021இல் 5.12 பதிப்பில் கேஃபென்ஸ் வந்தது. எல்லா ஒதுக்கீடுகளையும் பாராமல், இடைவெளி விட்டு ஒன்றிரண்டை மட்டும் காவலில் வைக்கும். ஒரு கருவியில் ஒன்றும் சிக்காது. ஆயிரம் கருவிகள் ஆறு மாதம் ஓடினால் சிக்கும். களத்துக்கென்றே பிறந்த தெரிவு அது.

இன்னொரு தவறான சிக்கனத்தைப் பார்க்கிறேன். ஃபிளாஷ் நினைவகம் போதாது என்று 'டீபக் இன்ஃபோ'வை அணைக்கிறார்கள். வரி எண்களும் மாறிகளின் விவரமும் கொண்ட அந்தச் சுமை, கெர்னலைக் கட்டிய கணினியில் கிடக்கும் விஎம்லினக்ஸ் கோப்பில்தான் இருக்கிறது. பலகைக்குப் போகும் ஆர்ம் படிமத்தில் அது உரிக்கப்பட்டுவிடும். மாட்யூல்களை மட்டும் தனியே உரிக்க வேண்டும். அணைப்பதால் பலகையில் மிச்சம் ஒன்றுமில்லை. பதினெட்டு மாதம் கழித்து வாடிக்கையாளர் அனுப்பும் 'ஊப்ஸ்' பிழைச்செய்தியின் முகவரி எந்த வரி என்று சொல்ல ஆளில்லாமல் போவதுதான் மிச்சம். வெளியிட்ட ஒவ்வொரு கட்டமைப்பின் விஎம்லினக்ஸையும் அப்படியே காப்பகத்தில் வையுங்கள். அதே மூலநிரலிலிருந்து மறுபடி கட்டிக்கொள்ளலாம் என்று நம்பாதீர்கள். கம்பைலர் பதிப்பு மாறியிருந்தால் முகவரிகளும் மாறிவிடும்.

சரி, பலகையை வடிவமைக்கும்போதே முடிவெடுங்கள் என்று ஏன் சொல்கிறேன்? கெர்னல் சாகும்போது சொன்ன கடைசி வார்த்தைகளை மறுதொடக்கத்துக்குப் பிறகும் படிக்க 'ராம்ஊப்ஸ்' வேண்டும். அதற்கு நினைவகத்தில் ஒரு பகுதியை ஒதுக்க வேண்டும். பூட்லோடர் அதை அழிக்காதிருக்க வேண்டும். மின்சாரம் போகாத மறுதொடக்கத்தில் நினைவகச் சில்லு உள்ளடக்கத்தைக் காப்பாற்ற வேண்டும். இவை மூன்றும் கெர்னல் பட்டியலில் டிக் அடித்து வாங்கக்கூடியவை அல்ல. செயலியை வெளியிலிருந்து ஆராய உதவும், 1990இல் ஐஇஇஇ தரமாக ஏற்கப்பட்ட ஜேடேக்கும் அப்படித்தான். அதன் நான்கு கம்பிகளுக்குச் சுற்றுப்பலகையில் இடம் விடவில்லையென்றால் பிறகு எந்த மென்பொருளும் உதவாது. இடம் விட்டாலும், செயலியை நிறுத்தி ஆராய்ந்துகொண்டிருக்கும்போது, செயலி உறைந்துவிட்டதா என்று கண்காணிக்கும் வாட்ச்டாக் தன் வேலையைப் பார்த்து எந்திரத்தை மறுதொடக்கம் செய்துவிடும். அதை நிறுத்தும் வழியையும் முன்கூட்டியே வைத்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் திறந்தே விடுங்கள் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். விற்பனைக்குப் போன பெட்டியில் திறந்து கிடக்கும் ஜேடேக், நமக்கு மட்டுமா வழிவிடும்? ஆண்ட்ராய்டு 11இலிருந்து விற்பனைக் கருவிகளில், கெர்னலின் உள்விவரங்களைத் திறந்துகாட்டும் டீபக்எஃப்எஸ்ஸை ஏற்றக்கூடாது என்று விதித்ததற்குக் காரணம் இருக்கிறது. பதிவுசெய்யும் வசதி வேறு, உள்ளே கைவிட்டுத் துழாவும் வசதி வேறு. முதலாவதைக் கூட்டிப்போகலாம், இரண்டாவதைப் பூட்டிவிட்டுப் போக வேண்டும். இன்சுலின் பம்பு செய்கிறவரும் வீட்டு ரவுட்டர் செய்கிறவரும் கோட்டை எங்கே போடுவது என்பதில் வேறுபடுவார்கள். நாளைய இரண்டாம் அமர்வில் அந்தச் சண்டையைக் கேட்க ஆவலாக இருக்கிறேன்.

கடைசியாக, இங்கே கட்டுரை படிக்கப்போகும் ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள், தலைவர் என்ற உரிமையில் கொஞ்சம் கண்டிப்பாகவே. குறுக்கீட்டுத் தாமதம் இத்தனை மைக்ரோநொடி என்று பட்டியல் போடுகிறோம். செயலியின் பெயர் இருக்கிறது, கடிகார வேகம் இருக்கிறது, கெர்னல் பதிப்பு இருக்கிறது. லாக்டெப் ஓடியதா, கேசான் ஓடியதா என்பது இருப்பதில்லை. ரியல்-டைம் கெர்னலுக்கான ப்ரீஎம்ப்ட்-ஆர்டி 2024இல் 6.12 பதிப்போடு மைய மரத்தில் சேர்ந்துவிட்ட பிறகு இத்தகைய அளவீடுகள் இன்னும் பெருகும். கட்டமைப்புக் கோப்பு இல்லாத அளவீட்டை இன்னொருவர் சரிபார்க்கவே முடியாது. ஓடும் கெர்னலே தன் கட்டமைப்பைச் சுருக்கிய கோப்பாகத் தரும் வசதி பல ஆண்டுகளாக இருக்கிறது. அதற்கான தெரிவுகளை இயக்கினால் போதும். ஆகவே ஒவ்வோர் அமர்வின் தலைவரையும் கேட்டுக்கொள்கிறேன்: அளவீட்டைக் காட்டும் ஒவ்வொருவரிடமும் முதல் கேள்வியாக அந்தக் கோப்பைக் கேளுங்கள். கையில் இல்லாதவர்கள் மதிய உணவு இடைவேளைக்குள் அமைப்பாளர்களிடம் சேர்த்துவிட்டால், கருத்தரங்கத் தொகுப்பில் கட்டுரையோடு அதுவும் அச்சாகும். முதல் அமர்வைத் தொடங்கலாம்.