ஒரு நிரல், இரு வாயில்கள்



கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டக் கூலியாரின் மகள் ஒருத்தி, போடிநாயக்கனூர் ஏலத்தில் ஏலக்காய் விற்ற விலையை நாள்தோறும் அறிவிக்கும் கைப்பேசிச் செயலியொன்றை உருவாக்க எண்ணுகிறாள் எனக் கொள்வோம். ஆண்ட்ராய்டுக்குக் காட்லின் மொழியில் ஒருமுறை, ஐபோனுக்கு ஸ்விப்ட் மொழியில் மறுமுறை என இருமுறை எழுதுவதே பழைய முறை. பிழை நேரின் திருத்தமும் இரண்டிடத்தில்.

இச்சுமையைக் குறைக்க 2015இல் பேஸ்புக் நிறுவனம் ரியாக்ட் நேட்டிவையும், 2018இல் கூகுள் நிறுவனம் ஃபிளட்டரின் முதல் நிலைப்பதிப்பையும் வெளியிட்டன. முன்னதன் மொழி ஜாவாஸ்கிரிப்ட். பின்னதன் மொழி டார்ட். இரண்டும் விலையின்றிக் கிடைப்பவை. பெரியாற்று நீர் ஒரே சுரங்கவழி இறங்கிப் பல வாய்க்கால்களில் பிரிவதுபோல, ஒருமுறை எழுதிய நிரல் இருவகைக் கைப்பேசிகளுக்கும் செல்கிறது.

ஆயினும் எல்லாம் முடிந்துவிடவில்லை. கைப்பேசியின் உட்கருவிகளைத் தொடும் சில பகுதிகளைத் தனித்தனியே எழுத நேரும். ஐபோன் வடிவத்தை ஆக்க ஆப்பிளின் மேக் கணினி வேண்டும். கூகுள் பிளேயில் பதிவுக் கட்டணம் ஒரே முறை 25 டாலர். ஆப்பிளுக்கோ ஆண்டுதோறும் 99 டாலர். நிரல் ஒன்றாயினும் வாயில்கள் இரண்டு. இரண்டாவது வாயில் கூலியார் வீட்டுக்கு எட்டாதது.

1945இல் மக்கள் கல்விச் சங்கத்தை நிறுவி, மறு ஆண்டே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தோற்றுவித்தார் அண்ணல் அம்பேத்கர். தனியொருவர்க்கு எட்டாததைச் சங்கமாய்க் கூடி அமைப்பதே அவர் காட்டிய வழி. வெள்ளிவிழா காணும் நாமும் மேக் கணினியொன்றைப் பொதுவில் வாங்குவோம். பதிவுக் கட்டணத்தையும் சங்கமே ஏற்கட்டும். அதுவரை நம் பிள்ளைகள் ஆண்ட்ராய்டில் வெளியிட்டுப் பழகட்டும். எழுதிய நிரல் வீணாகாது.