லாபம் பார்க்காத ஓடுபாதைகள்



விமான நிலையம் என்றதும் பலருக்கும் செப்பாங்தான் நினைவுக்கு வரும். செம்பனைத் தோட்டங்கள் இருந்த நிலத்தில் எழுந்து, 1998இல் திறக்கப்பட்டது கேஎல்ஐஏ. அதன் ஓடுபாதைகள் ஒவ்வொன்றும் சுமார் 4,000 மீட்டர் நீளம். சரவாக்கில், இந்தோனேசிய எல்லையை ஒட்டி, பாக்கெலாலான் என்று ஒரு மலையூர் இருக்கிறது. அங்கேயும் ஓர் ஓடுபாதை உண்டு. நீளம் சுமார் 550 மீட்டர். 19 பேர் அமரும் டுவின் ஓட்டர் விமானம்தான் அதில் இறங்கும். இந்த இரண்டையும் நிர்வகிப்பது ஒரே நிறுவனம், மலேசியா ஏர்போர்ட்ஸ். இந்த ஏற்பாடு ஏன் என்பதுதான் இன்றைய பேச்சு.

1992 வரை நம் நாட்டு விமான நிலையங்களை அரசாங்க இலாகாவே நேரடியாக நடத்தியது. அந்த ஆண்டில் நிர்வாகம் ஒரு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 1999இல் அது பங்குச் சந்தையிலும் இடம்பெற்றது. உள்நாட்டில் அதன் பொறுப்பில் இருப்பவை 39 நிலையங்கள். இவற்றில் பெரும்பாலானவை சொந்த வருமானத்தில் நிற்கக்கூடியவை அல்ல. செப்பாங்கிலும் பினாங்கிலும் கோத்தா கினபாலுவிலும் வசூலாகும் பயணியர் கட்டணம், தரையிறங்கும் கட்டணம், கடை வாடகை ஆகியவற்றில் ஒரு பகுதிதான் சிறு நிலையங்களைத் தாங்குகிறது. மூத்த பிள்ளையின் சம்பளத்தில் தம்பி தங்கைகள் படிக்கும் குடும்பம் மாதிரி.

கணக்குப் புத்தகத்தை மட்டும் பார்ப்பவர் கேட்கலாம்: ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு விமானங்கள் வரும் இடத்திற்கு எதற்கு இவ்வளவு செலவு? ஒன்று வந்தாலும் பத்து வந்தாலும் ஓடுபாதை பழுதில்லாமல் இருக்க வேண்டும். புல் வெட்ட வேண்டும். எருமையும் நாயும் குறுக்கே வராதபடி வேலி வேண்டும். காற்றின் திசை காட்டும் துணிக் குழாய் கிழியாமல் இருக்க வேண்டும். விமானம் குறைகிறது என்பதற்காக இந்தச் செலவைப் பாதியாக்க முடியாது.

பாரியோவை எடுத்துக்கொள்வோம். கெலாபிட் மக்களின் பீடபூமி அது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரம். அங்கு விளையும் பாரியோ அரிசியை அறியாதவர் சரவாக்கில் குறைவு. மிரியிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரத்திற்குள் போய்விடலாம். வெட்டுமரப் பாதையில் நான்கு சக்கர இயக்க வாகனத்தில் போனால் 12 மணி நேரத்துக்கும் மேல். அதுவும் மழை விட்டுக்கொடுத்தால்தான். டுவின் ஓட்டரில் ஏறும் முன் பெட்டியை மட்டும் அல்ல, பயணியையும் தராசில் நிறுத்திப் பார்ப்பார்கள். வெட்கப்பட இடமில்லை, குட்டை ஓடுபாதையில் ஒவ்வொரு கிலோவும் கணக்கு. மலை மீது மேகம் மூடிவிட்டால் அன்றைய பயணம் ரத்து.

அங்கே ஒரு கர்ப்பிணிக்கு நிலைமை மோசமானால் மிரி மருத்துவமனைக்குப் போக வேண்டும். பரீட்சை முடிந்த பிள்ளை வீடு திரும்ப வேண்டும். மருந்தும் தபாலும் வர வேண்டும். நாளைக்கு இரண்டு தடவை மட்டுமே பஸ் வந்த தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. பஸ் நின்றுபோனால் தோட்டம் எவ்வளவு தூரமாகிவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

சுற்றுலாவும் உண்டு. 2000இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த முலு தேசியப் பூங்காவுக்குப் பெரும்பாலோர் விமானத்தில்தான் போகிறார்கள்.

ஓடுபாதை இருந்தால் மட்டும் போதாது, பறக்க ஒருவர் வேண்டும். 2006 ஆகஸ்ட்டில் சபா, சரவாக் உட்புறத் தடங்கள் மாஸிடமிருந்து ஃபிளை ஏசியன் எக்ஸ்பிரஸ் என்ற நிறுவனத்திற்குக் கைமாறின. 2007 அக்டோபரில், அதாவது பதினான்கே மாதங்களில், மாஸின் துணை நிறுவனமான மாஸ்விங்ஸ் அவற்றை ஏற்றது. மத்திய அரசாங்கத்தின் மானியத்தில்தான் அந்தச் சேவை நடந்து வந்தது. டிக்கெட் காசை மட்டும் நம்பி இத்தடங்களை ஓட்ட முடியாது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

2025இல் இரண்டு பெரிய மாற்றங்கள் நேர்ந்தன. பிப்ரவரியில், மாஸ்விங்ஸை வாங்கும் ஒப்பந்தத்தில் சரவாக் அரசாங்கம் கையெழுத்திட்டது. சொந்த விமான நிறுவனத்திற்கு அது வைத்த பெயர் ஏர்போர்னியோ. தூரத்துத் தலைநகரில் இருப்பவரைவிட, பாரியோவின் தேவை கூச்சிங்கில் இருப்பவருக்கு நன்றாகத் தெரியும் என்பது இதிலுள்ள நியாயம். அதே மாதத்தில், மலேசியா ஏர்போர்ட்ஸ் பங்குச் சந்தையிலிருந்து விலகியது. ஒரு பங்கு 11 வெள்ளி என்ற விலையில் அதை வாங்கிய கூட்டணியில் கசானாவுக்கு 40 விழுக்காடு, ஊழியர் சேமநிதி வாரியத்திற்கு 30 விழுக்காடு, அபுதாபி முதலீட்டு ஆணையத்திற்கும் ஜிஐபி என்ற அனைத்துலக முதலீட்டு நிறுவனத்திற்கும் சேர்த்து மீதி 30 விழுக்காடு.

கவனியுங்கள், உங்கள் இபிஎஃப் பணமும் இதில் இருக்கிறது. ஆண்டு இறுதியில் ஈவுத்தொகை கூட வேண்டும் என்று எதிர்பார்க்கும் சந்தாதாரரும் நீங்களே. பாக்கெலாலான் ஓடுபாதையில் புல் மண்டிவிடக் கூடாது என்று நினைக்க வேண்டிய குடிமகனும் நீங்களே. வெளிநாட்டு முதலீட்டாளர் லாபம் கேட்பதைத் தவறு என்று சொல்ல முடியாது. அவர் பணம் போட்டதே அதற்குத்தான். ஆனால் லாபம் தராத நிலையத்தைக் கைவிடக் கூடாது என்ற கடமை, நல்லெண்ணத்தை நம்பி விடக்கூடிய காரியமா? நிறுவனத்திற்கும் அரசாங்கத்திற்கும் இடையிலான ஒப்பந்தம் 2069 வரை நீள்கிறது. இன்று தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு அப்போது நாற்பது வயது தாண்டியிருக்கும்.

சந்தையில் இருந்தவரை காலாண்டுக் கணக்கு பொதுவில் வந்தது. செய்தியாளரும் சிறு பங்குதாரரும் கேள்வி கேட்டார்கள். இப்போது அந்தக் கட்டாயம் இல்லை. எனவே ஒவ்வோர் ஆண்டும் எந்தச் சிறு நிலையத்திற்கு எவ்வளவு செலவானது, எங்கே ஓடுபாதை சீராக்கப்பட்டது, எத்தனை நாள் மூடிக் கிடந்தது என்ற விவரத்தை நாடாளுமன்றத்தில் வைக்கும்படி கேட்பது நியாயமே. ஓடுபாதை ஒருவர் கையில், விமானம் இன்னொருவர் கையில், மானியம் மூன்றாமவர் கையில் இருக்கும்போது, மிரியில் விமானம் ரத்தாகிக் காத்திருக்கும் பாட்டிக்கு யாரிடம் கேட்பது என்று தெரிய வேண்டாமா?

2024 ஜூன் முதல் நடப்புக்கு வந்த கட்டண அட்டவணைப்படி, உள்நாட்டுப் பயணியிடம் 11 வெள்ளியும், கேஎல்ஐஏ முதல் முனையத்திலிருந்து ஆசியானுக்கு அப்பால் செல்பவரிடம் 73 வெள்ளியும் விமான நிலையக் கட்டணமாக வசூலிக்கப்பட்டன. டிக்கெட்டில் அந்தத் தொகை தனியாகவே அச்சாகும். அதில் எத்தனை காசு பாரியோவுக்குப் போகிறது என்பதைத்தான் எந்த டிக்கெட்டிலும் பார்க்க முடியாது.