செருகினால்தான் மின்கார்

சுவீடன் நாட்டின் கோத்தன்பர்க் நகரில் 1927 முதல் கார் செய்துவரும் நிறுவனம் வால்வோ. இன்று எல்லாக் கார்களிலும் இருக்கிற, தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் சீட் பெல்ட்டை 1959இல் கொண்டுவந்தவர்கள் இவர்கள்தான். 2010 முதல் நிறுவனம் சீனாவின் ஜீலி குழுமத்தின் கையில் இருக்கிறது.

2030க்குள் மின்கார் மட்டுமே விற்போம் என்று 2021 மார்ச்சில் வால்வோ அறிவித்தது. 2024 தொடக்கத்தில் டீசல் கார் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில் பேச்சு மாறியது. 2030இல் விற்பனையில் 90 முதல் 100 விழுக்காடு மின்கார்களும் பிளக்-இன் ஹைபிரிட்களுமாக இருக்குமாம். சார்ஜிங் நிலையங்கள் எதிர்பார்த்த வேகத்தில் வரவில்லை, சில நாடுகளில் அரசு மானியம் நின்றுபோனது என்று காரணம் சொன்னார்கள். பொய்யில்லை. ஜெர்மனி 2023 டிசம்பரில் மானியத்தைத் திடீரென்று நிறுத்தியது. இலக்கைத் தளர்த்தியதில் எனக்குக் குறையில்லை. என் கவலை அந்தப் பிளக்-இன் ஹைபிரிட் பற்றித்தான்.

அதில் பெட்ரோல் எஞ்சினும் உண்டு, மின் மோட்டாரும் உண்டு. வால்வோவின் பெரிய எக்ஸ்சி90 காரை இரவில் வீட்டில் சார்ஜ் போட்டால் மறுநாள் சுமார் 70 கிலோமீட்டர் மின்சாரத்திலேயே போகலாம். அலுவலகம் போய்வர அது தாராளம். சார்ஜ் போடாமலே விட்டால்? கனமான பேட்டரியையும் சுமந்துகொண்டு அது பெரும்பாலும் பெட்ரோலில் ஓடும். வாங்கியவர் பெயருக்கு மின்கார் வைத்திருப்பார், அவ்வளவே.

இது வெறும் ஊகமில்லை. கார்களிலிருந்தே திரட்டிய தகவலை ஐரோப்பிய ஆணையம் 2024இல் வெளியிட்டது. பிளக்-இன் ஹைபிரிட் சாலையில் விடும் கார்பன் டை ஆக்சைடு, சோதனைக்கூடக் கணக்கைப்போல் சராசரியாக மூன்றரை மடங்கு! சாதாரணப் பெட்ரோல், டீசல் கார்களில் இந்த வித்தியாசம் ஏறக்குறைய 20 விழுக்காடுதான்.

வால்வோவுக்கு இது தெரியாததல்ல. 2019இல், பிளக்-இன் ஹைபிரிட் வாங்குவோருக்கு ஓராண்டு மின்சாரச் செலவைத் திருப்பித் தருகிறோம் என்று அறிவித்தது. ஆளைச் சார்ஜ் போட வைக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தோன்றவில்லை. இலக்கைத் தளர்த்திய நிறுவனம் அந்தச் சலுகையை மறுபடி கொண்டுவரட்டும். விற்ற கார்கள் ஓடிய தூரத்தில் எவ்வளவு மின்சாரத்தில், எவ்வளவு பெட்ரோலில் என்று ஆண்டுதோறும் நாடுவாரியாகக் கணக்கும் சொல்லட்டும்.