ஒன்பதாம் வகுப்புக்கு எந்தப் படம்?

(சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"எதைப் பத்தி வேணும்னாலும் பேசு, கால் மணி நேரத்துல முடி" என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். விடுதியில் மூன்று வருஷம் என் பேச்சைக் கேட்டவர், அவர் பயம் நியாயமானதுதான்.

நான் பள்ளிக்கூடத் தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். கடைசிப் பத்து வருஷம் சனிக்கிழமைதோறும் ஒன்பதாம் வகுப்புக்கும் பதினொன்றாம் வகுப்புக்கும் சினிமா வகுப்பு எடுத்தேன். பத்தையும் பன்னிரண்டையும் ஏன் தொடவில்லை என்பதைப் பெற்றோராக இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தலைமை ஆசிரியர் கேட்ட முதல் கேள்வி, "கேஸ் கீஸ் வந்துடாதே?" என்பதுதான். பள்ளி நடவடிக்கையின் பகுதியாக ஆசிரியர், மாணவர், பெற்றோர், பள்ளியோடு தொடர்புடையவர் மட்டும் பார்க்கும்படி படம் போட 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது என்று காட்டினேன். அதன்பின் அவர் கேட்ட கேள்வியைத்தான் பத்து வருஷமும் நான் கேட்டுக்கொண்டிருந்தேன்: "சரி, எந்தப் படம்?"

இதே கல்லூரியில், இயற்பியல் துறையின் பெரிய அறையில், பதினாறு மில்லிமீட்டர் புரொஜெக்டரில் 'பதேர் பாஞ்சாலி' பார்த்த இரவு உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். ரீல் மாற்றும்போது விளக்குப் போட்டால் அழுத முகம் தெரிந்துவிடுமே என்று குனிந்துகொண்டோம். நான் பெற்ற இன்பம் பிள்ளைகளும் பெறட்டும் என்று முதல் சனிக்கிழமை அதையே போட்டேன். இருபதாவது நிமிடம் கடைசி பெஞ்ச் தூங்கிவிட்டது. முன் பெஞ்சில் ஒரு பெண் மரியாதையாகக் கேட்டாள்: "சார், கதை எப்ப சார் ஆரம்பிக்கும்?"

கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் தப்பு என்னுடையது. நான் இருபது வயதில் தேடிப்போய்ப் பார்த்த படத்தை, பதினாலு வயதுப் பிள்ளைகள் முன்னால், ஒரு வார்த்தை சொல்லாமல் வைத்துவிட்டேன். அடுத்த வருஷம் அந்தப் படத்தில் ரயில் வரும் காட்சியை மட்டும் போட்டேன். முதலில் சத்தம் இல்லாமல், அப்புறம் சத்தத்தோடு. பிறகு, சத்யஜித் ராய் அந்த நாணல் பூக்காட்டில் பாதிக் காட்சி எடுத்துவிட்டு ஒரு வாரம் கழித்துப் போனபோது மாடுகள் பூவையெல்லாம் மேய்ந்துவிட்டிருந்தன, மிச்சத்தை எடுக்க அடுத்த பூக்காலம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று என்று சொன்னேன். உடனே, "முழுசும் போடுங்க சார்" என்றார்கள்.

நீளம் ஒரு பெரிய சங்கதி. நமக்கு ஒரு பீரியடு நாற்பது நிமிடம். லமோரிஸ் எடுத்த 'சிவப்பு பலூன்' (1956) முப்பத்து நான்கு நிமிடம்தான், பேச்சும் மிகக் குறைவு. வகுப்பைத் தொடங்க அதைவிட நல்ல படம் எனக்குக் கிடைக்கவில்லை. அதற்கு நேர்மாறு 'அந்த நாள்' (1954). இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும், மூன்று சனிக்கிழமையாக உடைக்க வேண்டும். அந்தத் தொந்தரவே உதவியாகப் போயிற்று. ஆளுக்கொரு சாட்சி சொல்லும் படம் அல்லவா? ஒவ்வொரு வாரமும் நிறுத்தி, "கொலை செஞ்சது யாரு?" என்று எழுதி வாங்கிக்கொள்வேன். நடு வாரத்தில் வராந்தாவில் சண்டையே நடக்கும். "பாட்டே இல்லாம அப்பவே எடுத்துட்டாங்களா சார்!" என்று ஆச்சரியப்பட்டவர்கள் உண்டு.

இங்கிலீஷ் படங்களில் வேறு தொல்லை. தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு அடியில் ஓடும் எழுத்தைப் படித்து முடிப்பதற்குள் காட்சி போய்விடும். '12 ஆங்ரி மென்' போட ரொம்ப ஆசைப்பட்டேன். ஒரே அறை, பன்னிரண்டு பேர், படம் போகப்போக கேமரா கீழே இறங்கி, லென்ஸ் மாறி, சுவர் நெருக்குவது போலத் தெரியும். ஆனால் அத்தனையும் பேச்சு. மௌனப் படக் காலத்தில் கதை சொன்னவர்கள் போலத் திரைக்குப் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லிப் பார்த்தேன். தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

இனி, சொல்லத் தயங்கும் விஷயத்துக்கு வருகிறேன்.

2016இல் 'காக்கா முட்டை' போட்டேன். நம்ம ஊர்ப் படம், நல்ல படம், தேசிய விருது வாங்கிய படம், தணிக்கைச் சான்றிதழிலும் சிக்கல் இல்லை. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தண்டவாளத்தில் கரி பொறுக்கும் அண்ணன் தம்பியைப் பார்த்து, இது நம்ம பசங்க வாழ்க்கை என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வகுப்பில் ரயில்வே கேட் பக்கத்துக் குடிசைப் பகுதியிலிருந்து ஒரு பையன் வருவான். அவனும் சிரித்தான். திங்கட்கிழமையிலிருந்து அவனுக்குப் பெயர் 'பெரிய காக்காமுட்டை' ஆகிவிட்டது.

எனக்கு அது தெரியாது. இரண்டு சனிக்கிழமை அவன் வரவில்லை என்று வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா ஸ்டூலை முந்தானையால் துடைத்துப் போட்டு, "உடம்புக்கு ஒண்ணுமில்லீங்க சார், போகமாட்டேங்கிறான்" என்றார். வாசலில் நின்றபடியே அவன் கேட்டான்: "எங்க தெருவ எல்லாருக்கும் ஏன் சார் காட்டுனீங்க?"

என்னிடம் பதில் இல்லை. படத்தின் மேல் ஒரு குற்றமும் கிடையாது. அந்த இயக்குநர் அந்தப் பையன்களை ஒரு இடத்திலும் கேவலப்படுத்தவில்லை. ஆனால் திரையில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்த நான், பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கவில்லை. மற்ற பிள்ளைகள் ஒரு படம் பார்த்தார்கள். அவன் மட்டும் பார்க்கப்பட்டான்.

அதற்குப் பிறகு வறுமை பேசும் படம் என்றால் முதலில் தூர தேசத்துப் படம்தான். மஜித் மஜிதியின் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' (1997) போட்டேன். டெஹ்ரானில் அண்ணனும் தங்கையும் ஒரே ஜோடி ஷூவை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகும் கதை. ஊர் வேறு, பாஷை வேறு. யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. தாமாகவே தங்கள் செருப்புக் கதைகளைச் சொல்ல ஆரம்பித்தார்கள், வசதியான வீட்டுப் பிள்ளைகள் உட்பட. அந்தப் பையன் திரும்பி வந்திருந்தான். ஷூ சாக்கடைத் தண்ணீரில் அடித்துக்கொண்டு போக அந்தச் சிறுமி கூடவே ஓடும் காட்சியைப் பற்றி, "அவ மூஞ்சிய விட காலயும் தண்ணியயும் காட்டுனாத்தான் சார் நமக்கு பதறுது" என்றான். பத்து வருஷத்தில் நான் கேட்ட நல்ல விமர்சனங்களில் அது ஒன்று.

'பைசைக்கிள் தீவ்ஸ்' (1948) அடுத்து வந்தது. கடைசியில் சைக்கிள் திருடி மாட்டிக்கொண்ட அப்பாவை, அழும் மகனைப் பார்த்து, சைக்கிள்காரர் விட்டுவிடுகிறார் இல்லையா? விட்டது சரியா என்று ஒரு பீரியடு முழுக்க வாதம். பதினொன்றாம் வகுப்புக்கு பாலுமகேந்திராவின் 'வீடு' (1988). அப்பா கட்டும் வீட்டுக்குக் கடன் வாங்கிக்கொண்டிருந்த குடும்பத்துப் பிள்ளைகள் அன்றைக்கு வீட்டில் போய் என்ன கேட்டார்கள் என்பது தனிக்கதை.

'காக்கா முட்டை'யை மறுபடி நான் போடவே இல்லை. அது சரிதானா என்று இன்றும் எனக்கு உறுதியில்லை. தூர தேசத்தையே காட்டிக்கொண்டிருந்தால் நம் தெரு எப்போதுதான் திரைக்கு வரும் என்று சக ஆசிரியை ஒருவர் என்னிடம் சண்டை போட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது.

2022இல் அரசுப் பள்ளிகளில் மாதந்தோறும் சிறார் படம் திரையிடும் திட்டம் வந்தபின், இளம் ஆசிரியர்கள் சிலர் போன் செய்து, "ஒரு லிஸ்ட் கொடுங்க சார்" என்கிறார்கள். கொடுக்கிறேன். கூடவே, "உங்க வகுப்புல யார் யார் இருக்காங்கன்னு முதல்ல சொல்லுங்க" என்று கேட்கிறேன். சிலர் போனை வைத்துவிடுகிறார்கள்.

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். சாப்பாட்டுக் கூடத்தில் என்னைப் பிடித்தால், உங்கள் பிள்ளைகளுக்கு எந்தப் படம் என்று பேசுவோம்.