வரப்பில் நின்று திட்டத்தைப் பாருங்கள்
(வானொலி உரை)



ஊருக்குப் பெரிய திட்டம் வருகிறது என்றால், "சர்வே கல் நட்டுட்டாங்க" என்ற பேச்சுதான் முதலில் காதில் விழும். கல் நடும் முன்பே பார்த்துக் கேட்பது எப்படி?

கூடங்குளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அணுமின் நிலையத்தின் முதல் 2 உலைகளுக்கு 1989-இல் சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்தபோது, மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்ற விதியே இல்லை. அது 1997-இல்தான் வந்தது. 3 முதல் 6 வரையான உலைகளுக்கு 2007 ஜூன் 2-இல் திருநெல்வேலியில் கூட்டம் நடந்தது. இப்படிக் கூட்டம் வைத்தாலும், தடித்த அறிக்கையைப் புரட்டி "என் குளத்து ஓடை என்ன ஆகும்?" என்று கண்டுபிடிக்க எத்தனை பேரால் முடியும்?

இதற்குக் கம்ப்யூட்டர் படம் உதவும். செயற்கைக்கோள் படத்தையும் நிலத்தின் மேடு பள்ளத்தையும் சேர்த்து, அதில் வரப்போகும் கட்டடத்தையோ காற்றாலையையோ நிறுத்திக் காட்டுவார்கள். உங்கள் வரப்பில் நின்றால் எப்படித் தெரியும் என்று பார்க்கலாம். பாதையைத் தள்ளி வைக்கச் சொல்லி, மறுபடியும் பார்க்கலாம். ஸ்காட்லாந்தில் ஓர் ஆய்வு நிறுவனம் வளைந்த பெரிய திரையை ஊர் ஊராகக் கொண்டுபோய், காற்றாலைகளை இப்படிக் காட்டி மக்கள் விருப்பத்தைக் கேட்டது.

ஒன்றை மறக்காதீங்க. படம் கண்ணுக்குத் தெரிவதை மட்டும்தான் காட்டும். கதிரியக்கமும், கடலில் விடும் நீரின் சூடும் படத்தில் தெரியாது. அவற்றுக்கு அளவைத்தான் கேட்க வேண்டும். படம் எங்கிருந்து பார்த்தது, எதை விட்டது என்றும் கேளுங்கள்.

படம் காட்டச் சொல்லிச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. நாம்தான் கேட்க வேண்டும். 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே அறிவிப்பு வர வேண்டும். அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும். அந்த 30 நாளில் செய்ய வேண்டியவை:

1. பெரியவர்களை உட்கார வைத்துத் தரையில் கோலப்பொடியால் ஊர்ப்படம் போடுங்கள். குளம், ஓடை, பனங்காடு, நல்ல தண்ணிக் கிணறு, ஆடு மாடு போகும் தடம் எல்லாம் வரட்டும். பெண்களையும் மீனவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2. இஸ்ரோவின் 'புவன்' படத்தைப் பிள்ளைகள் செல்போனில் எடுத்துத் தருவார்கள். ஊர்ப்படத்தோடும் அறிக்கைப் படத்தோடும் ஒப்பிடுங்கள். அறிக்கையில் விட்டுப்போன ஓடையைக் குறித்துவையுங்கள்.

3. கிராம சபையில், "இன்ன இன்ன இடத்திலிருந்து எங்களுக்குப் படம் காட்டுங்கள்" என்று தீர்மானம் போட்டு, நகலை வாங்கிக்கொள்ளுங்கள்.

வேண்டும் என்பவரும் வேண்டாம் என்பவரும் ஒரே படத்தைப் பார்த்துப் பேசினால், பேச்சு சண்டையாகாமல் கேள்வியாகும். கேள்விக்குப் பதில் வாங்கலாம்.